விமானத்தின் பெயரும் பிரயாணியின் உயிரும்

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட எயார் இந்தியா போயிங் 787 விமானம், நிலத்தை விட்டெழுந்து ஒரு நிமிடம் கழியுமுன்னே வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த 242 பேருள் ஒருவரே உயிர் தப்பினார். விமானம் வீழ்ந்த இடத்திலிருந்த 19 பேரும் மாண்டனர்.

அச்செய்தி வந்த வாரத்திலே, வீரமுனையில் வேளாண்மை செய்யும் பெரியவர் ஒருவர் தம் மகனின் பிரயாணச் சீட்டை மடியிற் செருகிக்கொண்டு எம்மிடம் வந்தார். மகன் கட்டார் நாட்டிற்கு வேலைக்குப் போக இருந்தான். முகவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்திற்காக இரண்டு ஏக்கர் வயல் ஈட்டில் இருந்தது. "ஐயா, இதில எழுதியிருக்கிறது விழுந்த அந்தப் பிளேன்தானோ? அப்படியெண்டா வேற பிளேனுக்கு மாத்தேலுமோ?" என்பதே அவர் கேட்ட கேள்வி. சீட்டில் 787 என்றே அச்சிடப்பட்டிருந்தது.

இக்கேள்வியைக் கேட்டு நகைத்தவர்களும் அருகில் இருந்தனர். நாம் நகைக்கவில்லை. வயலை ஈடு வைத்தவனுக்கு அவ்வீட்டுப் பத்திரத்தின் வாசகம் இன்னதென்று அறிய உரிமையுண்டு. அவ்வாறாயின், மைந்தன் உயிரையே ஒரு பொறியிடம் ஒப்படைப்பவனுக்கு அப்பொறி எத்தகையது என்று கேட்கும் உரிமை இல்லையென்று எவர் கூற வல்லார்? இதே கேள்வியைத்தான் எமது வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் சற்றுப் பண்பட்ட சொற்களால், "போயிங் நல்லதா, எயார்பஸ் நல்லதா?" என்று கேட்டு வருகின்றனர். ஆகவே இவ்வாரம் அதற்கு விடை கூற முற்படுகின்றோம்.

இக்கரைக்கும் விமானத்திற்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் ஹஜ் கடமையை நிறைவேற்ற ஜித்தாவுக்குச் செல்வோர் பலர். வீரமுனையிலும் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் அரபு நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர் இல்லாத தெரு அருமை. சீர்பாத தேவியின் கலம் வந்து நின்ற இடத்திலே வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோவில் எழுந்ததென்பது எம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் ஐதிகம். கலமேறிய தேவி கரைசேரத் தெய்வத்தை நேர்ந்துகொண்டாள். இன்று விமானமேறும் மக்களின் தாய்மாரும் நேர்ந்துகொள்கின்றனர், துஆ கேட்கின்றனர். வேண்டுதல் இருக்கட்டும். அதனோடு விசாரணையும் வேண்டும் என்பதே எமது கருத்து.

எதற்காகச் செய்யப்பட்டவை?

எல்லா விமானமும் ஒன்றே என்று எண்ணுவது, உழவு இயந்திரமும் லொறியும் பஸ்ஸும் ஒன்றே என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். ஒவ்வொன்றும் ஒரு தேவை கருதிச் செய்யப்பட்டது.

போயிங் 747 முதன்முதல் 1969 இல் பறந்தது. 1970 இல் சேவைக்கு வந்தது. ஒலியை மிஞ்சும் வேகமுடைய விமானங்கள் வந்து பிரயாணிகளைக் கவர்ந்துவிடும், பின்னர் 747 சரக்கேற்றவே பயன்படும் என்று அக்காலத்தில் எண்ணினர். மூக்குப் பகுதியைத் திறந்து சரக்கேற்ற வசதியாக விமானி அறையை மேலே தூக்கி வைத்தனர். அதன் முதுகிலுள்ள திமில் இவ்வாறு பிறந்ததே. நினைத்தது நடக்கவில்லை, ஐம்பதாண்டுக் காலம் அது மக்களைச் சுமந்தது. 1,574 விமானங்கள் செய்யப்பட்டபின் 2023 ஜனவரியில் கடைசி 747 கைமாறியது.

எயார்பஸ் கம்பனியின் ஏ380, ஈரடுக்கு முழுவதும் ஆசனம் கொண்டது. 853 பிரயாணிகள் வரை ஏற்ற அதற்கு அத்தாட்சி உண்டு. பல நாட்டு மக்களை ஒரு பெரிய நிலையத்திற் கூட்டி, அங்கிருந்து மற்றொரு பெரிய நிலையத்திற்கு மொத்தமாகக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். 2007 இல் சேவைக்கு வந்த அது, 251 விமானங்களோடு 2021 இல் உற்பத்தி முடிந்தது. ஏனெனில், இரண்டே எஞ்சின்களைக் கொண்டு, குறைந்த எரிபொருளில், இடையிலே இறங்காமல் நெடுந்தூரம் செல்லும் போயிங் 777, 787, எயார்பஸ் ஏ350 ஆகியவை சந்தையைப் பிடித்துக்கொண்டன. குறுகிய தூரத்திற்கு ஒற்றை நடைபாதை கொண்ட போயிங் 737, எயார்பஸ் ஏ320 என்பன உலகெங்கும் ஓடுகின்றன. எமது நாட்டு அரசாங்கத்தின் ஸ்ரீலங்கன் விமானசேவை ஏ320, ஏ330 குடும்பங்களைச் சேர்ந்த விமானங்களையே செலுத்தி வருகின்றது.

"நான்கு எஞ்சின் உள்ளது இரண்டைவிடப் பத்திரமானதன்றோ?" என்று கேட்பாருளர். இரட்டை எஞ்சின் விமானம் அருகிலுள்ள நிலையத்திலிருந்து அறுபது நிமிடப் பறப்புக்கு அப்பால் விலகக்கூடாதென்று 1953 இல் அமெரிக்காவில் விதி செய்தவர்களும் அவ்வாறே எண்ணினர். ஜெற் எஞ்சின் பழுதுபடுவது அரிதாகியபின் 1985 இல் அவ்வெல்லை 120 நிமிடமாயிற்று. 2014 இல் 787 விமானத்திற்கு 330 நிமிடமும் ஏ350 விமானத்திற்கு 370 நிமிடமும் அனுமதிக்கப்பட்டன. அன்றியும், எண்ணிக்கை எப்போதும் காவலாகாது. 1982 இல் இந்தோனேசியாவின் மேலே பறந்த பிரிட்டிஷ் எயார்வேஸ் 747 ஒன்று எரிமலைச் சாம்பலுள் நுழைந்தபோது நான்கு எஞ்சின்களும் ஒருங்கே நின்றன. விமானிகள் மிகவும் தாழ இறங்கியபின் அவற்றை மீண்டும் இயக்கி ஜகார்த்தாவில் இறக்கினர். பொதுவான காரணம் ஒன்று நேரின், நான்கும் ஒன்றும் சமமே. அகமதாபாத் விபத்திலும் இரண்டு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் வலுவிழந்தன. எரிபொருளை அடைக்கும் இரு ஆளிகளும் ஒரு விநாடி இடைவெளியில் அடைபட்ட நிலைக்குச் சென்றன என்று 2025 ஜூலையில் வெளிவந்த முதனிலை அறிக்கை கூறிற்று. அது எவ்வாறு நேர்ந்ததென்பதை அவ்வறிக்கை தீர்த்துரைக்கவில்லை.

தவறும் குற்றமும்

தவறு வேறு, குற்றம் வேறு என்பது சட்டம் கற்றோர் அறிந்த பாலபாடம். விமான வரலாற்றிலும் இவ்விரண்டும் உண்டு.

உலகின் முதல் ஜெற் பிரயாணிகள் விமானம் பிரித்தானியாவின் கொமெற். 1952 இல் சேவைக்கு வந்த அது, அவ்வாண்டே இலங்கைக்கும் பறந்து வந்தது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரு கொமெற்றுகள் இத்தாலிக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் வீழ்ந்தன. உயரே செல்லுந்தோறும் விமானத்தின் உடல் உட்காற்றழுத்தத்தால் உப்புகின்றது, இறங்குந்தோறும் தளர்கின்றது. கம்பியொன்றை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது முறியுமன்றோ? விமானத்தின் உலோகமும் அவ்வாறே சோர்வடையும் என்பதை அன்று முழுமையாக உணர்ந்திருக்கவில்லை. விமானமொன்றைப் பெருந்தொட்டியில் நீருள் அமிழ்த்தி, அழுத்தத்தை ஏற்றியிறக்கிப் பார்த்தபோது, திறப்புகளின் மூலையிலே வெடிப்புத் தொடங்கி உடலைக் கிழித்தது. அவ்வுண்மை உலகறியச் சொல்லப்பட்டது. பிறநாட்டுக் கம்பனிகளும் அதனாற் பயனடைந்தன. இது தவறு. அறியாமையால் நேர்ந்தது; மறைக்கப்படாமையால் மற்றோரைக் காத்தது.

இனிக் குற்றத்தைக் காண்போம். அமெரிக்காவின் டி.சி.10 விமானத்தில் சரக்கறைக் கதவு சரியாகப் பூட்டாதபோதும் பூட்டியது போன்று தோன்றும். 1972 ஜூனில் கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே ஒரு கதவு பறந்தது. விமானிகளின் திறமையால் அனைவரும் பிழைத்தனர். அவ்வெச்சரிக்கைக்குப் பின்னர், கட்டாயமான உத்தரவு பிறப்பிக்க வேண்டிய அதிகாரிகள், கம்பனியோடு பெருமக்கள் முறையில் வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டு அமைந்தனர். 1974 மார்ச் 3 ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகே துருக்கிய டி.சி.10 ஒன்றின் அதே கதவு பறந்தது. 346 பேர் மாண்டனர். வாய்க்கால் அணையில் நீர் கசிவதைக் கண்ட வட்டை விதானை, வயற்காரர் மனம் நோகுமென்று வாளாவிருந்தால் அணை உடைந்த நாளில் அவனை எவ்வாறு அழைப்போம்?

அப்பாடம் மறக்கப்பட்டது. 1960 களில் வரையப்பட்ட 737 விமானத்தின் உடலிலே பெரிய புதிய எஞ்சின்களை முன்தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்தி, 737 மாக்ஸ் என்ற பெயருடன் போயிங் விற்றது. இம்மாற்றத்தினால் சில வேளைகளில் மூக்கு மேலெழும் இயல்பு உண்டாயிற்று. அதனைச் சமன்செய்ய, தானாகவே மூக்கைக் கீழே தள்ளும் ஒரு கணினி ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அது ஒரேயொரு உணர்கருவியின் சொல்லையே நம்பிற்று. அவ்வேற்பாடு இருப்பதே விமானிகளின் கைந்நூலிற் சொல்லப்படவில்லை. விமானிகளுக்குப் புதிய பயிற்சி வேண்டியதில்லை என்று கூறி விற்பதே நோக்கமாயிருந்தது. 2018 அக்டோபர் 29 இல் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச் 10 இல் எதியோப்பியாவில் 157 பேர், ஆக 346 பேர் மாண்டனர். பாரிஸ் அருகே மாண்டோரின் தொகையும் இதுவே. அமெரிக்க அதிகாரிகளை ஏமாற்றிய குற்றச்சாட்டில், உண்மையை ஒப்புக்கொண்டு 250 கோடி டொலர் செலுத்தும் உடன்பாட்டுக்கு அக்கம்பனி 2021 ஜனவரியில் வந்தது.

இதற்கு வேர் எது? விமானத்தைச் சோதித்துச் சான்று தரவேண்டிய அதிகாரசபை, தன் வேலையிற் பெரும்பகுதியை அக்கம்பனியின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. தன் வழக்கிலே தானே நீதிபதியாதல் கூடாது என்பது நீதியின் ஆதாரக் கோட்பாடு. கல்முனை நீதிமன்றில் ஒரு மாட்டு வழக்கிற்குப் பொருந்தும் விதி, உலகப் பெருங்கம்பனிக்கும் பொருந்தியே தீரவேண்டும்.

ஆயின் எயார்பஸ் விமானத்திற்கு மாறினால் துன்பமில்லையோ? அவ்வாறு கூறுதற்கும் இடமில்லை. இரு கம்பனிகளும் விமானிக்கும் கணினிக்கும் இடையே அதிகாரத்தைப் பங்கிடுவதில் வேறுபடுகின்றன. விமானம் தாங்கும் எல்லையைக் கடக்க விமானி முயன்றாலும் எயார்பஸ் கணினி இயல்பான நிலையில் விடாது. போயிங் விமானத்தில், விமானி வலிந்து முயன்றால் இறுதிச் சொல் அவனுடையதே. இரண்டிற்கும் நன்மை உண்டு. இரண்டிற்கும் விலையும் உண்டு. 2009 ஜூன் 1 இல் அத்திலாந்திக் கடலின் மேல் எயார் பிரான்ஸ் ஏ330 ஒன்றின் வேகமானிக் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. கணினி பொறுப்பை விமானிகளிடம் விட்டது. காவல் எல்லைகளும் நீங்கின. ஒருவர் பிடியைப் பின்னிழுத்து மூக்கை உயர்த்தியவாறிருந்தார். இருவர் பிடிகளும் ஒன்றோடொன்று இணைந்து அசையாத அமைப்பாதலால் மற்றவர் அதனை எளிதில் உணரவில்லை. 228 பேரும் மாண்டனர்.

எயார்பஸ் கம்பனியின் கையும் கறைபடாததன்று. இலஞ்சத்தைத் தடுக்கத் தவறிய குற்றத்திற்காக இலண்டன் நீதிமன்றம் 2020 ஜனவரி 31 இல் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டில் ஐந்து நாடுகளின் விவகாரம் அடங்கியிருந்தது. அவற்றுள் ஒன்று இலங்கை. ஸ்ரீலங்கன் விமானசேவை 2013 இல் ஏ330, ஏ350 விமானங்களைப் பெற உடன்பட்டபோது, அதன் அலுவலர் ஒருவரின் மனைவிக்கு ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் டொலர் வரை கொடுக்க எயார்பஸ் தரப்பு முன்வந்து, இருபது லட்சம் டொலர் கொடுத்தது என்பது அவ்வழக்கின் ஏடுகளில் உள்ளது. ஏ350 விமானங்களோ இந்நாட்டுச் சேவைக்கு வரவேயில்லை. 2016 இல் ஏற்பாட்டை முறித்து நட்டஈடு கொடுத்தோம். விமானத்தின் தேவை என்ன, அது எந்தப் பாதைக்கு உகந்தது என்று ஆராயவேண்டிய இடத்தில் தரகு புகுந்தால், நாட்டின் கடன் மட்டுமன்றிப் பிரயாணியின் காவலும் ஏலத்திற்கு வருகின்றது.

எம் மண்ணில் வீழ்ந்தவை

வெளிநாட்டு உதாரணம் போதும். எமது தீவிலே நடந்ததைக் காண்போம். 1974 டிசம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு, கொழும்பு வழியாக ஜித்தா செல்லப் புறப்பட்ட டி.சி.8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. 182 யாத்திரிகரும் 9 ஊழியரும் ஒருங்கே மாண்டனர். இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளுள் இதுவே மிகப் பெரியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, ஜித்தாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மற்றொரு டி.சி.8, கட்டுநாயக்க ஓடுபாதையை அடையுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 262 பேருள் 183 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலார் ஹஜ் முடித்து வீடு திரும்பிய இந்தோனேசிய ஏழைகள்.

டி.சி.8 மோசமான விமானமா? இல்லை. அவ்வகை விமானங்கள் இந்நூற்றாண்டிலும் சரக்கேற்றிப் பறந்தன. 1974 இல் விமானிகள் தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து, மலைக்கு மேலிருந்தபோதே நிலையத்தை அண்மினோம் என்றெண்ணித் தாழ இறங்கினர். 1978 இல், விமானிகள் முறைப்படி இறங்கவில்லை என்று இலங்கை விசாரணையாளர் கூறினர். நிலத்திலிருந்த வழிகாட்டுக் கருவியும் ராடார் நெறிப்படுத்தலுமே பிழைத்தன என்று ஐஸ்லாந்துத் தரப்பார் கூறினர். விமானம் ஐஸ்லாந்துக் கம்பனியினுடையது; நிலையம் எம்முடையது. ஒவ்வொரு தரப்பும் மற்றதைச் சுட்டியது. இறந்தவரின் மனைவி மக்கள் எவரிடம் போய் நியாயம் கேட்பர்?

சப்த கன்னியர் மலை விபத்திற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1 இல், அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு 727 விமானம் இவ்வாறே உரிய காலத்திற்கு முன் தாழ இறங்கி மலையில் மோதி 92 பேர் இறந்தனர். உடனே அமெரிக்கா, நிலம் நெருங்குவதை உரத்த குரலில் எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களிற் கட்டாயமாக்கிற்று. பின்னர் பல நாடுகளும் அதனை ஏற்றன. நல்ல விமானம் மலையில் மோதும் விபத்து அதனாற் பெரிதும் குறைந்தது. 2017 ஆம் ஆண்டில் உலகெங்கும் பெரிய பிரயாணிகள் ஜெற் விமான விபத்தில் ஒருவரேனும் இறக்கவில்லை என்றால், அது இத்தகைய நூறு சீர்திருத்தங்களின் விளைவு.

ஹஜ் யாத்திரிகரின் மூன்றாவது துயரத்தையும் கூறவேண்டும். 1991 ஜூலை 11 இல் ஜித்தாவிலிருந்து நைஜீரிய யாத்திரிகருடன் எழுந்த டி.சி.8 ஒன்று எரிந்து வீழ்ந்து 261 பேரும் மாண்டனர். காற்றுக் குறைந்த ரயர்களோடு, நேரம் போகிறதென்று, அதனைப் புறப்படவிட்டதே காரணம். காற்றிறங்கிய ரயருடன் நெல் லொறியைக்கூட எம்மூர்ச் சாரதி எடுக்கமாட்டான். இம்மூன்று விபத்துகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றும் வாடகைக்கு அமர்த்தப்பட்ட விமானங்கள். சீட்டு விற்றவர் ஒருவர். விமானத்தைச் செலுத்தியவர் வேறொருவர். எவர் கையில் தம் உயிர் இருந்ததென்பதை அவ்வேழை யாத்திரிகருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

அரபு நாட்டிலிருந்து உழைத்துத் திரும்புவோரின் கதையும் இத்தன்மையதே. 2010 மே 22 இல் மங்களூரில் 158 பேரும், 2020 ஆகஸ்ட் 7 இல் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்தனர். இரண்டும் டுபாயிலிருந்து வந்த 737 விமானங்கள். இரண்டும் மேட்டின் மீதமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தவை. மங்களூரில், மீண்டும் மேலெழும்படி துணை விமானி மும்முறை கூறியும் தலைமை விமானி கேட்கவில்லை. 2024 டிசம்பர் 29 இல் தென்கொரியாவின் முவான் நிலையத்தில், ஓடுபாதைக்கு அப்பால் எழுப்பப்பட்டிருந்த கொங்கிறீற்று மேடையில் மோதி 179 பேர் மாண்டனர். விமானத்தின் பெயரை மட்டும் கேட்போர் ஓடுபாதையின் முடிவில் என்ன இருக்கிறதென்று கேட்பதில்லை.

நன்மைக்கும் ஓர் உதாரணம் கூறுவோம். 2024 ஜனவரி 2 இல் டோக்கியோவில் இறங்கிய ஏ350 விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர். எட்டு வாயில்களில் மூன்றே பயன்பட்டன. அறிவிப்புக் கருவியும் பழுதுபட்டது. ஊழியர் உரத்த குரலில் வழி கூறினர். பிரயாணிகள் பொதிகளை விட்டுவிட்டுக் கேட்டபடி நடந்தனர். இங்கே காத்தது எது? வாயில்களிற் பாதி அடைபட்டாலும் தொண்ணூறு விநாடியில் வெளியேறத்தக்கதாக விமானம் அமையவேண்டுமென்ற விதி ஒன்று. பயிற்சி பெற்ற ஊழியர் இரண்டு. சொன்னது விளங்கிய மக்கள் மூன்று. மூன்றாவதை எவரும் எளிதாக எண்ணற்க.

சட்டம் தரும் உரிமை

1999 இல் மொன்றியல் நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கைக்கு இலங்கை 2018 இல் சட்டமியற்றி, 2019 முதல் உட்பட்டது. அதன்படி விமான விபத்தில் பிரயாணி இறந்தாலோ காயமுற்றாலோ, குற்றம் எவருடையதென்று குடும்பத்தார் நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கப்பட்ட நட்டத்திற்கு, 2024 டிசம்பர் 28 முதல் 151,880 விசேட எடுப்பனவு உரிமை அலகு வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு லட்சம் அமெரிக்க டொலர் வரை, தன்மேல் குற்றமில்லை என்று கூறிக் கம்பனி தப்ப முடியாது. அதற்கு மேற்பட்ட நட்டத்திற்கு, தன் கவனயீனம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கம்பனியையே சாரும். சீட்டு விற்ற கம்பனி, விமானத்தைச் செலுத்திய கம்பனி இரண்டின்மீதும் வழக்குத் தொடரலாம். அக்கம்பனியின் சேவையும் அலுவலும் இந்நாட்டில் இருப்பின், இறந்தவரின் நிரந்தர வதிவிடமான இங்கேயே வழக்கிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுள் வழக்கிடல் வேண்டும். அதற்குமேல் உரிமை அழிந்துவிடும். துக்க வீட்டிற்கு வந்து, சிறு தொகையைக் காட்டி, படித்தறியாத பத்திரத்தில் கையொப்பம் கேட்பவர் எவராயினும், சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுமுன் பேனாவைத் தொடாதீர்கள்.

நாம் கேட்பவை

முதலாவது, யாத்திரைக்கோ வேலைக்கோ செல்பவர் பணம் கட்டுமுன்னரே, விமானத்தைச் செலுத்தும் கம்பனி எது, விமானம் எவ்வகை என்பதை முகவர் தமிழில் எழுதிக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நடத்தும் புறப்பாட்டுப் பயிற்சியிலும், ஹஜ் யாத்திரிகருக்கான வழிகாட்டலிலும், ஆசனப்பட்டி கழற்றுவது முதல் வாயிலால் வெளியேறுவது வரை தமிழிற் செய்து காட்டும் ஒரு மணி நேரத்தைச் சேர்க்க வேண்டும். இந்நாட்டிலிருந்து எம்மவரை ஏற்றிச்செல்லும் எந்தக் கம்பனியாயினும் பாதுகாப்பு அறிவித்தலைத் தமிழிலும் கூறல் வேண்டும். தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி. உயிர்காக்கும் சொல்லில் அது இல்லாவிட்டால் வேறெங்கு இருந்து என்ன பயன்?

மூன்றாவது, விபத்தை விசாரிப்போர், விமானசேவையை நடத்துவோரிடமிருந்தும் அதற்குச் சான்றளிப்போரிடமிருந்தும் விலகி நிற்றல் வேண்டும். அவர்கள் அறிக்கை மும்மொழியிலும் வெளிவரல் வேண்டும்.

நான்காவது, பொதுப்பணத்தில் விமானம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ முன், அதன் தேவையும் நிபந்தனையும் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும்.

ஐந்தாவது, 2018 இல் உள்நாட்டுச் சேவைக்குத் திறந்த மட்டக்களப்பு விமான நிலையத்தைக் கிழக்கு மக்களுக்கு உண்மையிற் பயன்படச் செய்ய வேண்டும். இன்று எம்மவர் கட்டுநாயக்க சென்று சேர, இரவெல்லாம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸிலும் வானிலும் பயணஞ்செய்கின்றனர். அப்பிரயாணத்தில் மிக ஆபத்தான பகுதி வானத்தில் இல்லை. தூக்கக் கலக்கத்துடன் சாரதி வாகனம் ஓட்டும் மலைப்பாதையிலேயே உள்ளது. ஆயினும், ஓடுபாதையின் நீளமும் அதன் எல்லையிலுள்ள வெளியும் தீயணைப்புப் படையும் போதுமா என்று பாராமல், கொடியேற்றிப் படம்பிடிப்பதற்காக ஜெற் விமானத்தை அங்கு இறக்கவும் வேண்டாம். கோழிக்கோடும் முவானும் எமக்குப் பாடமாகட்டும்.

வீரமுனைப் பெரியவருக்கு நாம் சொன்ன விடை இதுவே: "அந்த இனத்து விமானம்தான். ஆனால் பெயருக்குப் பயந்து சீட்டை மாற்ற வேண்டாம். அவ்வினத்து விமானங்கள் 2011 முதல் பறக்கின்றன. மக்கள் உயிரைக் குடித்த முதல் விபத்து அகமதாபாத்திலேதான். மகன் போகட்டும். சீட்டின் பிரதியை வீட்டில் வையுங்கள். ஏறி இருந்ததும் தன் ஆசனத்திலிருந்து வாயில் எத்தனை வரிசை தள்ளி உள்ளதென்று எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, கைதான் எண்ணும்."

இரண்டு வாரத்தின் பின் அவரைச் சம்மாந்துறைச் சந்தையிற் கண்டோம். மகன் சுகமாகச் சேர்ந்துவிட்டானாம். "முன்னுக்கு ஏழு வரிசையாம் ஐயா, பின்னுக்கு நாலாம்" என்றார். வாயிலை எண்ணத் தெரிந்த பிரயாணி ஒருவர் எம் ஊரில் உண்டாகிவிட்டார். விமானம் செய்வோரையும் வாங்குவோரையும் சோதிப்போரையும் அவ்வாறே எண்ணிக் கணக்குக் கேட்கும் மக்கள் இக்கரையெங்கும் பெருகுவார்களாக.